பம்பு ரூம் டெவலப்பர்ஸ்

மாநகராட்சி நான்காவது முறையாக டெவலப்பர் தேடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை தேடுகிற வீட்டில்கூட மூன்று தடவை தட்டிப் போனால், எங்கேயோ இடிக்கிறதே என்று உட்கார்ந்து யோசிப்பார்கள். மாநகராட்சி யோசிக்கவில்லை. அறிவிப்பின் எழுத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் பெரிதாக்கியது.

திட்டம் என்னவோ நல்ல திட்டம்தான். ஊருக்கு நடுவில் மாநகராட்சிக்குச் சொந்தமான காலி நிலம் ஒன்று இருக்கிறது. அதை மாநகராட்சி சும்மா தரும். ஒரு டெவலப்பர் தன் செலவில் அங்கே வீடுகள் கட்டுவார். வயதானவர்கள் குறைந்த வாடகையில் அவற்றில் குடியிருப்பார்கள். எல்லோருக்கும் லாபம், யாருக்கும் நஷ்டமில்லை என்று அறிவிப்பிலேயே போட்டிருந்தது. இப்படி எங்கேயாவது எழுதியிருந்தால் விவரமானவர்கள் முதலில் கழற்றிப் போட்ட செருப்பைத் தேடுவார்கள்.

காலி நிலம் என்றேனா? அது மாநகராட்சி சொன்னது. அங்கே நாலு பேர் குடியிருந்தார்கள்.

ஒருவர் பம்புக்காரர். ஒரு காலத்தில் அந்த நிலத்தில்தான் மாநகராட்சியின் பம்பு இருந்தது. மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவது அவர் வேலை. பம்புக்குப் பக்கத்திலேயே அவருக்கு ஒரு அறையும் வராந்தாவும் கொடுத்திருந்தார்கள். புதுக் குழாய் வந்ததும் பம்பைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். பம்புக்காரரை எதில் போடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. அவரும் ஓய்வு பெற்றார். சாவியை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. அவரும் போய்ச் சொல்லிக்கொள்ளவில்லை.

இரண்டாவது, அவருடைய அக்கா. புருஷன் போன பிறகு தம்பியோடு வந்து சேர்ந்தவர். முழங்கால் இரண்டும் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தன. வாய் மட்டும் முழு நேரமும் பணியில் இருந்தது.

மற்ற இருவர் தையல்காரரும் அவர் மனைவியும். வீட்டுக்காரர் வாடகையை ஏற்றிய அன்று தையல் மெஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். மெஷின் மட்டும் நனையாமல் இருந்தால் போதும், மழை விட்டதும் போய்விடுகிறோம் என்றார்கள். மழை விட்டது. அவர்கள் போகவில்லை. போகச் சொல்லவும் யாருக்கும் மனசு வரவில்லை. எங்கிருந்தோ தகரம் கொண்டுவந்து பம்புக்காரரும் தையல்காரருமாகச் சுவரோரம் ஒரு அறை எழுப்பினார்கள். ஒரு வாரத்துக்குள் வேலை முடிந்தது. அனுமதி, வரைபடம், ஆலோசகர் என்று எதுவும் இல்லாததால்தான் அவ்வளவு சீக்கிரம் முடிந்தது என்பது பிற்பாடு தெரிந்தது.

இந்த இடம் போனால் நாலு பேருக்கும் வேறு போக்கிடம் கிடையாது. அதனால் இந்த முறை கேட்டிலேயே அறிவிப்பு ஒட்டியதும் பம்புக்காரர் அதை இரண்டு தடவை படித்தார். நம்மை என்ன செய்வார்கள் என்று நேரில் போய்க் கேட்டுவிடலாம் என்று கிளம்பினார். அக்காவும் சுவரைப் பிடித்துப் பிடித்துக் கூடவே வந்தார். தம்பிக்குக் கேள்வி கேட்கத் தெரியும், பதிலைக் கேட்டுவிட்டுச் சும்மா வந்துவிடுவான் என்பது அக்காவின் பல வருட அனுபவம்.

மாநகராட்சி அலுவலகத்தில் டெவலப்பர்களுக்கான கூட்டம். வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த கிளார்க் இவர்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"பெரியவரே, நீங்க யாரு?"

"அந்த நிலத்துல குடியிருக்கறவங்க."

"குடியிருக்கறவங்களுக்குத் தனிக் கூட்டம் இருக்கு. இது டெவலப்பருங்களுக்கு."

"அந்தக் கூட்டம் எப்பங்க?"

"கட்டி முடிச்சப்புறம்."

பம்புக்காரர் தலையாட்டிவிட்டுத் திரும்பப் பார்த்தார். அக்கா விடவில்லை. உள்ளே போக வேண்டுமென்றால் என்ன எழுத வேண்டும் என்று கிளார்க்கிடம் கேட்டார். டெவலப்பர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் யார் வேண்டுமானாலும் போகலாம் என்றார் கிளார்க்.

"எழுதுடா," என்றார் அக்கா.

"அக்கா, நான் போய் எப்படி..."

"உள்ள இருக்கறவங்க மட்டும் பொறக்கும்போதே அப்படியா பொறந்தாங்க? எழுது."

கம்பெனி பெயர் கேட்டார்கள். பம்பு ரூம் என்றார் பம்புக்காரர். அப்படியே போட்டால் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளாது என்று கிளார்க் தானாகவே பின்னால் 'டெவலப்பர்ஸ்' என்று சேர்த்தார். அடுத்து, வழக்கமான கேள்வி ஒன்று. இதே ஊரில், பொது நிலத்தில், வயதானவர்களுக்குக் குறைந்த வாடகையில் வீடு கட்டி, இப்போதும் நடத்திக்கொண்டிருக்கிறீர்களா? கிளார்க் இதைக் கேட்கும்போதே 'இல்லை' என்பதை டிக் செய்யப் போனார். இதுவரை வந்த எல்லோரும் இல்லை என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

"ஆமாங்க," என்றார் பம்புக்காரர். "அங்கதான் இருக்கோம்."

கிளார்க் ஒரு நிமிடம் பேனாவைக் காற்றில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு, நமக்கென்ன வந்தது என்று 'ஆம்' போட்டார். ஊரில் பெரிய காரியங்கள் எல்லாம் இப்படி நமக்கென்ன வந்தது என்று யாராவது நினைத்த நிமிடத்தில்தான் நடந்திருக்கின்றன.

உள்ளே நல்ல குளிர். பம்புக்காரருக்குப் பக்கத்து நாற்காலியில் ஊரிலேயே பெரிய கட்டடங்கள் கட்டுகிற டவர்க்காரர் உட்கார்ந்திருந்தார். நான்கு தடவையும் வந்திருப்பதாகச் சொன்னார். வாசலில் கேட்ட அந்த அனுபவ விதியைத் தூக்கினால்தான் யாராவது தேற முடியும். அது தெருவிளக்கு டெண்டரிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியது. விளக்கு மாட்டுகிறவருக்கு முன்னாலேயே விளக்கு மாட்டிய அனுபவம் இருக்கும். இந்த ஊரில் பொது நிலத்தில் முதியோர் வீடு யாருமே கட்டியதில்லை, அனுபவத்துக்கு எங்கே போவது? விதியைத் தூக்க ஒரு குழு வேண்டும். டெவலப்பரைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் அந்தக் குழுவை அமைக்க முடியும். எதற்கும் இருக்கட்டும் என்று வந்து டீ குடித்துவிட்டுப் போவதாக டவர்க்காரர் சொன்னார். டீ நன்றாகத்தான் இருந்தது.

மேடையில் திட்ட இயக்குநர் எழுந்தார். மூத்தோர் குடியிருப்புப் பிரிவு என்று ஒரு பிரிவு. அதற்கு அவர்தான் தலைவர்.

"மூத்த குடிமக்கள் இந்த நகரத்துக்குச் சுமைன்னு சில பேர் பேசறாங்க. நான் அதை வன்மையா மறுக்கறேன். அவங்க இல்லன்னா இந்தப் பிரிவு இல்ல. இந்தப் பிரிவு இல்லன்னா இந்த மாடி இல்ல, இந்த ஏசி இல்ல, நான் இல்ல. போன வருஷம் மட்டும் அவங்களைப் பத்தி எத்தனை மாநாடு, எத்தனை வெளியூர்ப் பயணம். அதனால அவங்க பிரச்சினையை அவசரப்பட்டுத் தீர்த்துடக்கூடாதுங்கற பொறுப்புணர்வோட நாங்க ஒவ்வொரு அடியையும் எடுத்து வைக்கிறோம். மூணு தடவை யாருமே தேறல. ஆனா தரத்துல நாங்க விட்டுக் கொடுத்தோமா? கொடுக்கல."

எல்லோரும் கை தட்டினார்கள். பம்புக்காரரும் தட்டினார். பக்கத்தில் தட்டும்போது நாம் மட்டும் கையைக் கட்டிக்கொண்டிருந்தால் நன்றாக இருக்காது.

அடுத்து ஆலோசகர். சின்ன வயசுப் பையன், டை கட்டியிருந்தார். முதியோருக்கு வீடு கட்டுகிறவர்கள் முதுமை என்றால் என்ன என்று உணர வேண்டாமா என்று கேட்டுவிட்டு, ஒரு பெட்டியைத் திறந்து முதுமை உடை என்ற ஒன்றை எடுத்தார். ஈயக் கட்டிகள் தைத்த சட்டை, மங்கலான கண்ணாடி, காதுக்குப் பஞ்சு, முழங்காலை மடக்க விடாமல் இறுக்கும் பட்டை. இதைப் போட்டுக்கொண்டு மூன்று படி ஏறி இறங்க வேண்டும். முதலில் இயக்குநர் ஏறினார். இறங்கியபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன. இவ்வளவு கஷ்டமா என்று கேட்டார். உடனே கழற்றச் சொன்னார்.

ஒவ்வொருவராக ஏறி இறங்கினார்கள். பம்புக்காரர் முறை வந்தது. எழுபதைத் தாண்டி இரண்டு வருடம் ஆன மனிதருக்கு ஆலோசகர் பொறுப்பாக ஈயச் சட்டையை மாட்டிவிட்டார்.

"இப்ப உங்களுக்கு எழுபது வயசு. எப்படி ஃபீல் பண்றீங்க?"

பம்புக்காரர் படி ஏறிப் பார்த்தார், இறங்கிப் பார்த்தார். மறுபடி ஏறினார்.

"முழங்காலுக்கு இந்தப் பட்டை நல்லா இருக்குங்க. படியேறும்போது சுருக்குன்னு ஒரு வலி வரும், இப்ப அதைக் காணோம். எங்க அக்காவுக்கும் ஒண்ணு கிடைக்குமா?"

போட்டியாளர் முதுமையை எந்தத் தடையுமில்லாமல் உள்வாங்கினார் என்று ஆலோசகர் குறித்துக்கொண்டார். பட்டை கிடைக்கவில்லை. அது பயிற்சிக்கு மட்டும் உரியதாம்.

நம்மை என்ன செய்வீர்கள் என்ற கேள்வியைக் கேட்க அவருக்குக் கடைசிவரை வாய்ப்பு வரவில்லை. கேள்வி நேரம் முழுவதையும் கீழ்த்தளத்தில் எத்தனை கடை வைத்துக்கொள்ளலாம் என்பதே சாப்பிட்டுவிட்டது. மாடிக்கு மாடி கடையாகவே கட்டி, மொட்டை மாடியில் முதியோரை வைத்தால் காற்றோட்டமாக இருக்குமே என்று ஒருவர் அக்கறையாகக் கேட்டார்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு கார் பம்பு ரூம் வாசலில் வந்து நின்றது. இயக்குநர், ஆலோசகர், ஒரு பொறியாளர். காலி செய்யச் சொல்ல வந்துவிட்டார்கள் என்று தையல்காரர் மனைவி துணிகளை மூட்டை கட்டத் தொடங்கினார். அவர்கள் வந்தது அதற்கில்லை. அனுபவ விதியில் தேறிய ஒரே நிறுவனம் பம்பு ரூம் டெவலப்பர்ஸ். அவர்கள் நடத்திவரும் குடியிருப்பை நேரில் பார்த்து மதிப்பெண் போட வந்திருந்தார்கள். நான்காவது முறையும் யாரும் தேறவில்லை என்று எழுதினால் பிரிவையே மூடிவிடுவோம் என்று மேலிடம் சொல்லியிருந்ததால், இயக்குநர் மிகவும் திறந்த மனதோடு வந்திருந்தார்.

ஆலோசகர் அக்காவை எதிரில் உட்காரவைத்துப் பேட்டி எடுத்தார். தகரத்தில் ஓட்டை, அதற்குக் கீழே வாளி வைத்திருக்கிறோம் என்றார் அக்கா. மழைநீர் சேகரிப்பு என்று எழுதிக்கொண்டார். தையல்காரர் அறைக்குக் கதவு கிடையாது, துணிதான் தொங்குகிறது. இயற்கைக் காற்றோட்டம். மாடியே இல்லாததால் படியும் இல்லை. முதியோரின் மூட்டுகளை மனதில் கொண்ட வடிவமைப்பு, முழு மதிப்பெண். கிழிந்ததைத் தைத்துக் கொடுப்பதுதான் தையல்காரர் தருகிற வாடகை என்றதும் ஆலோசகர் பேனாவை வைத்துவிட்டு இயக்குநரை ஒரு பார்வை பார்த்தார். இதற்கு வெளிநாட்டில் கருத்தரங்கே நடத்துகிறார்கள் என்றார்.

"நிர்வாகத்து மேல ஏதாவது குறை இருக்காம்மா?"

"நிர்வாகமா? யாரு, இவனா?" அக்கா தம்பியைப் பார்த்தார். "சொன்ன பேச்சு கேக்க மாட்டான். விளக்கை அணைக்காமத் தூங்குவான்."

இருபத்துநாலு மணி நேரமும் வெளிச்சம் என்று எழுதினார் ஆலோசகர்.

இதற்குள் பம்புக்காரர் இரண்டு தடவை உண்மையைச் சொல்லப் பார்த்தார். நான் டெவலப்பர் இல்லைங்க, பம்பு ஓட்டிக்கிட்டு இருந்தவன் என்றார். தன்னடக்கம் என்று இயக்குநர் அவர் தோளில் தட்டினார். பெரியவரே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் அந்த மதியத்திலிருந்து சார் என்று கூப்பிடத் தொடங்கினார்கள். எழுபது வருடத்தில் அவரை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. கெட்டுப் போகிற அளவுக்கு இல்லாவிட்டாலும், கேட்க இதமாகத்தான் இருந்தது.

ஒப்படைப்பு விழாவுக்குப் பந்தல் போட்டார்கள், நாடா கட்டினார்கள். இயக்குநர் நிலத்தின் சாவியை டெவலப்பரிடம் கொடுக்க வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும். சாவி எங்கே என்று தேடினால் அலுவலகத்தில் எங்கேயும் இல்லை. கிளார்க் மேல் எரிந்து விழுந்தார்கள். கிளார்க் காவலாளி மேல் எரிந்து விழுந்தார். கடைசியில் பம்புக்காரர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து இயக்குநரிடம் கொடுத்தார். இயக்குநர் அதைக் கேமராவுக்குக் காட்டிவிட்டு, புன்னகையோடு அவரிடமே திருப்பிக் கொடுத்தார். மாநகராட்சி மக்களுக்குத் தருகிறது என்று அடுத்த நாள் பேப்பரில் அந்தப் படம் வந்தது.

அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. இனி யாரும் நம்மைக் கிளப்ப முடியாது என்றார். தையல்காரர் மெஷினுக்கு எண்ணெய் போட்டு வராந்தாவின் நடுவிலேயே கொண்டுவந்து வைத்தார்.

ஒரு வாரம் கழித்து இயக்குநர் பம்புக்காரரைக் கூப்பிட்டனுப்பினார். இந்த முறை நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்.

"வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நிலம் சுத்தமா இருக்கணும் சார். அங்க நாலு பேர் ஆக்கிரமிச்சிருக்காங்கன்னு ரிப்போர்ட் வந்திருக்கு. டெவலப்பர்ங்கற முறையில மாசக் கடைசிக்குள்ள நீங்கதான் காலி பண்ணணும்."

"அந்த நாலு பேர் நாங்கதாங்க."

"நாலுல ஒருத்தர் நீங்க. டெவலப்பர் ஆக்கிரமிப்புக் கணக்குல வரமாட்டார். அப்ப மூணு பேர்தான். பாருங்க, உட்கார்ந்து பேசினா பிரச்சினை கால்வாசி தீர்ந்துருது."

கட்டி முடித்த பிறகு அவர்களுக்கு அங்கேயே வீடு கிடைக்குமா என்று பம்புக்காரர் கேட்டார். இயக்குநர் உதட்டைப் பிதுக்கினார். தையல்காரரும் அவர் மனைவியும் பொது நிலத்தை ஆக்கிரமித்தவர்கள். அப்படிப்பட்டவர்களுக்கு ஒதுக்கீடு கிடையாது. அக்கா டெவலப்பரின் ரத்த சொந்தம். அவருக்குக் கொடுத்தால் ஊழல் என்று பேசுவார்கள். டெவலப்பரே தன் கட்டடத்தில் குடியேறுவது பற்றிப் பேசவே வேண்டாம். முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு விலகிக்கொண்டால் என்ன ஆகும் என்று பம்புக்காரர் கேட்டார். மாநகராட்சியே புல்டோசர் அனுப்பிக் காலி செய்துகொண்டு ஐந்தாவது அறிவிப்பு விடும்.

"அப்ப நாங்கல்லாம் எங்கங்க போறது?"

இயக்குநர் மேசைமேல் கையைக் கோத்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். குரலில் உண்மையிலேயே வருத்தம் இருந்தது.

"வீடில்லாத பெரியவங்க எங்க போவாங்கன்னு ராத்திரி பகலா யோசிச்சுத்தான் சார் இந்தத் திட்டத்தையே கொண்டு வந்தோம்."

பம்புக்காரர் வீட்டுக்கு வந்து சொன்னார். தையல்காரர் மெஷினின் பெல்ட்டைக் கழற்றிச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

"விடுங்கண்ணே. நீங்க என்ன பண்ணுவீங்க? எங்களால உங்களுக்கு வம்பு வேண்டாம்," என்றார். அவர் மனைவி அன்றைக்குத் துவைத்து உலர்த்தியதை மடிக்க ஆரம்பித்தார்.

அக்கா மட்டும் டவர்க்காரரைப் பற்றிக் கேட்டார். பஸ் நிலையத்துக்குப் பின்னால் பெரிய வேலி போட்ட நிலம் அவருடையதுதானே?

"அவருதுதான். அதுவும் மாநகராட்சி கொடுத்ததுதான்."

"நான் இங்க வந்து சேர்ந்தப்பவே அந்த வேலி இருந்துச்சு. இன்னும் அங்க புல்லுதான் முளைக்குது. அவன்கிட்ட யாராவது மாசக் கடைசின்னு பேசினாங்களா? போய் அவனைக் கேட்டுட்டு வா."

டவர்க்காரர் நல்லபடியாகவே வரவேற்றார். தொழிலுக்கு வந்தவருக்குச் சொல்லித் தருவதில் அவருக்கு வஞ்சனையில்லை.

"கட்டறதுக்காக யாராவது நிலம் வாங்குவாங்களா சார்? நிலம் கைக்கு வந்துச்சா, அதோட சரி. அப்புறம் டைம் கேக்கணும். கேட்டுக்கிட்டே இருக்கணும். கட்டினாத்தான் ஏன் விரிசல் விட்டுச்சு, ஏன் தண்ணி வரலன்னு கேப்பாங்க. கட்டாதவனை யார் என்ன கேக்க முடியும்? முதல் தடவை மண்ணு சரியில்லன்னு சொல்லுங்க. ரெண்டாவது தடவை மழை. மூணாவது தடவை காரணத்தை அவங்களே எழுதித் தருவாங்க, நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும்."

மண்ணின் மேல் பழி போடுவது பம்புக்காரருக்கு என்னவோ போல இருந்தது. அதே மண்ணில்தான் இத்தனை வருடம் ஒரு பம்பு ஆடாமல் அசையாமல் நின்றிருந்தது. ஆனால் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பதைப் பார்த்த பிறகு போய்விட்டு வந்துவிடலாம் என்று முடிவு செய்தார்.

இயக்குநர் முன்னால் நின்று, மண்ணு சரியில்லைங்க, கொஞ்சம் டைம் வேணும் என்றார். திட்டு விழும் என்று எதிர்பார்த்தார். இயக்குநர் எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இப்பதான் சார் நிம்மதியா இருக்கு. நீங்க தொழிலுக்குப் புதுசு, விவரம் தெரியாம கட்ட ஆரம்பிச்சுடுவீங்களோன்னு உள்ளுக்குள்ள ஒரே உதறல். கட்டிட்டா திட்டம் முடிஞ்சுடும். முடிஞ்ச திட்டத்துக்கு எதுக்குப் பிரிவு, எதுக்கு இயக்குநர்?"

நீட்டிப்பு அங்கேயே கிடைத்தது. ஒரே நிபந்தனைதான். வேலை தொடங்கும்வரை நிலம் இப்போது இருக்கிறபடியே இருக்க வேண்டும். எதையும் இடிக்க வேண்டாம், புதிதாக ஒரு தகரம்கூடச் சாத்தக்கூடாது. புதிதாக ஒரு ஆள் வந்து உட்கார்ந்தாலும் அது ஆக்கிரமிப்பு. அன்றைக்கே ஒப்பந்தம் ரத்து, புல்டோசர்.

"அப்ப ஏற்கனவே இருக்கற அந்த மூணு பேரு?"

"எந்த மூணு பேரு சார்?" என்று கேட்டார் இயக்குநர்.

இப்படியாகப் பம்பு ரூம் பிழைத்தது. கேட்டுக்கு மேல் மாநகராட்சி பெரிய பலகை வைத்தது. அதில் வானத்தை முட்டும் கட்டடம். முன்னால் நரைத்த தலையும் முழுப் பல்வரிசையுமாகச் சிரித்தபடி சைக்கிள் ஓட்டும் முதியோர். பலகையின் நிழல் மதியத்துக்கு மேல் தையல்காரர் அறை மீது விழுந்ததால் தகரச் சூடு கொஞ்சம் தணிந்தது. திட்டத்தால் இதுவரை நடந்த நன்மை அது ஒன்றுதான்.

மண்ணுக்குப் பிறகு மழையைச் சொன்னார். மழைக்குப் பிறகு அவர்களே வெயிலை எழுதித் தந்தார்கள். தையல்காரர் காலர் வைத்த சட்டை ஒன்று தைத்துக் கொடுத்தார். டெவலப்பர் பனியனோடு உட்கார்ந்திருந்தால் நன்றாக இருக்காது. பலகையைப் பார்த்துவிட்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பெரும்பாலும் தனியாக வந்தவர்கள். வீடு எப்போது தயாராகும், யாரிடம் சொல்லி வைக்க வேண்டும் என்று கேட்டார்கள். ஆரம்பத்தில் பம்புக்காரர் தடுமாறினார். ஒருவரிடம் உண்மையையே சொல்லப் போய், அவர் நம்பாமல், ஏற்கனவே வேறு யாருக்கோ கொடுத்துவிட்டீர்களா என்று அழுதுவிட்டார். அதன் பிறகு பம்புக்காரர் பேசக் கற்றுக்கொண்டார். கற்றுக்கொள்ள அதிக நாள் ஆகவில்லை. யாரும் வெறுங்கையோடு திரும்பினோம் என்று நினைக்காதபடி பேசினார்.

ஒரு சாயங்காலம், தூறல் போட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு அம்மா கேட்டைத் தட்டினார். ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் டேபிள் ஃபேன். மூடிப் போன தியேட்டரில் டிக்கெட் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவராம். தியேட்டரை இடிக்கிறார்கள். வீடு தயாராக நாளாகும் என்று தெருவில் சொன்னார்கள், அதுவரை காத்திருக்கத் தயார் என்றார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, மேற்குச் சுவரோரம் காலியாக இருந்த இடத்தைக் காட்டினார்.

"அந்த மூலை போதும் தம்பி. மேல ஒரு தகரம் இருந்தா சரி. நான் பாட்டுக்கு இருந்துக்குவேன். ஃபேன் இருக்கு, ஒரு பிளக் மட்டும் வேணும்."

தையல்காரரின் கால் பெடலில் நின்றது. அந்த மூலையை அவரும் பார்த்தார், பம்புக்காரரும் பார்த்தார். இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு நாள் வேலை. பெரிய மழைக்கு முன்பே முடித்துவிடலாம். அக்கா வராந்தாவிலிருந்து, உள்ள வந்து உக்காரச் சொல்லுடா, நனையறாங்க என்றார்.

பம்புக்காரர் கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றபடியே பேசினார்.

"உங்களை மாதிரி இருக்கறவங்களுக்காகத்தாம்மா இவ்வளவு பாடுபடறோம். அவசரமா ஒரு தகரத்தைப் போட்டுக் கொடுத்து உங்க மரியாதையைக் குறைக்க எங்களுக்கு மனசில்ல. நல்ல வீடா, காத்தோட்டமா, லிஃப்ட் வெச்சுத் தரணும். அதுக்குக் கொஞ்சம் காலம் எடுக்கும். உங்க பேரை நான் மனசுல வெச்சுக்கறேன்."

அந்த அம்மா பெயரைச் சொல்லவே இல்லை. அது இரண்டு பேருக்குமே நினைவு வரவில்லை. ஈரக் கையால் கேட்டின் கம்பியைத் தொட்டுக்கொண்டு, இவ்வளவு மரியாதையாக இதுவரை யாரும் பேசியதில்லை என்றார். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் என்றார். தொங்கிக்கொண்டிருந்த ஒயரை ஃபேனில் சுற்றிக்கொண்டு, அதை முந்தானையால் மூடியபடி தெருவில் இறங்கி நடந்தார்.

தையல் மெஷின் மறுபடி ஓடவில்லை. பம்புக்காரர் வராந்தாவுக்கு வந்து சட்டைக் காலரைத் துடைத்துக்கொண்டார். அக்கா அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அந்தம்மா இப்ப எங்க தங்கறாங்கன்னு கேட்டியா?"

"கேக்கலக்கா."

"ஏண்டா?"

"கேட்டா சொல்லிடுவாங்க."